கல்லூரி நடைபாதைக்குத் தகரக் கூரை வேண்டுமா?

கேள்வி: விடுதிக்கும் வகுப்பறைகளுக்கும் நடுவே நடைபாதை போடுகிறார்கள். முழுக்கத் தகரக் கூரை என்கிறது நிர்வாகம். எனக்கு மனசு ஒப்பவில்லை. வேறு வழி உண்டா?

பதில் 1: பெங்களூரு ஐஐஎம் வளாகத்தைப் போய்ப் பாருங்கள். 2018இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்ற பி.வி. தோஷி வடிவமைத்தது. கருங்கல் சுவர்களுக்கு நடுவே நீண்ட தாழ்வாரங்கள். சில இடத்தில் கூரை, சில இடத்தில் வெறும் கான்கிரீட் சட்டங்கள், அதன்மேல் கொடி. நிழல் கோடு கோடாகத் தரையில் விழும். நடப்பவர்கள் நின்று பேசுவார்கள், எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

பதில் 2: சரி, மழை வந்தால்?

பதில் 1: ஒரு ஓரத்தை மட்டும் மூடுங்கள். மற்ற பக்கம் புங்கன் நடுங்கள். அப்புறம், அடிமரம் வரை சிமெண்ட் பூச விடவே விடாதீர்கள். தண்ணீர் இறங்க மண் வேண்டும், இல்லாவிட்டால் மரம் பட்டுப்போகும்.