1965, 1971 போர்களில் பிராந்திய ராணுவத்தில் பணியாற்றிய தாத்தாவுக்கு ஓய்வூதியம் பெற வழி உண்டா?

கேள்வி: கம்மவான்பேட்டை பேத்தி

அனைவருக்கும் வணக்கம். எண்பது வயதைக் கடந்த என் தாத்தா (அம்மாவின் அப்பா) வாலாஜா பக்கம் கைத்தறி நெய்துகொண்டிருந்தவர். 1964இல் பிராந்திய ராணுவத்தில், எங்கள் வீட்டு வழக்கில் டெரிட்டோரியலில், சிப்பாயாகச் சேர்ந்து 1976இல் விடுவிக்கப்பட்டார். ஆண்டுப் பயிற்சிக்குப் போய்வந்த நாட்கள் தவிர, இரண்டு போர்களின்போதும் அவருடைய பட்டாலியன் முழுநேரப் பணிக்கு அழைக்கப்பட்டதால், முதல் முறை மாதக்கணக்கிலும் அடுத்த முறை ஆண்டுக்கணக்கிலும் தறியை விட்டு வெளியிலேயே இருந்திருக்கிறார். 1971 டிசம்பரில் பஞ்சாப் எல்லைப் பகுதியில் வண்டி கவிழ்ந்து முழங்காலில் அடிபட்டு ராணுவ மருத்துவமனையில் கிடந்ததாகச் சொல்கிறார். இன்றும் தாங்கித்தான் நடக்கிறார்.

1971 போருக்காகத் தரப்பட்ட பச்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல் ஆகிய இரண்டு பதக்கங்களும் பெட்டியில் இருக்கின்றன. டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்கிறது, ஆனால் நடுப்பக்கங்கள் நீர்பட்டு அழிந்துவிட்டன. இப்போது எங்களோடு வசிக்கும் இந்த ஊரிலோ வீட்டுக்கு வீடு ராணுவ ஓய்வூதியம் வருகிறது. அதனால் தாத்தாவுக்கு மனக்குறை அதிகம். ஓர் அலுவலகத்தில் விசாரித்தபோது, டெரிட்டோரியலுக்கு பென்ஷனே கிடையாது என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அது உண்மையா?

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், குடியாத்தம்

அம்மா, பென்ஷனே கிடையாது என்பது தவறு. போருக்குப் போனவர் என்பதால் கிடைத்துவிடும் என்பதும் தவறு. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்டு, 1949 அக்டோபரில் ராஜாஜி தலைமை ஆளுநராக இருந்தபோது தொடங்கிவைக்கப்பட்ட இந்தப் படை, சொந்தத் தொழிலை விடாமல் நாட்டுக்குப் பணியாற்ற விரும்புவோருக்கானது. எனவே பெயர் பதிவில் இருந்த பன்னிரண்டு ஆண்டுகளும் கணக்கில் வரமாட்டா. எம்பாடிமெண்ட் ஆணை போட்டு முழுநேரப் பணிக்கு அழைத்த காலம் மட்டுமே வரும். சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரையிலானவர்களுக்கு அப்படிப்பட்ட காலம், விட்டுவிட்டு வந்தாலும், மொத்தமாகப் பதினைந்து ஆண்டுகள் சேர்ந்தால்தான் சேவை ஓய்வூதியம். உங்கள் தாத்தாவின் மொத்தப் பதிவுக்காலமே பன்னிரண்டு என்பதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. அதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் அதற்காக நீங்கள் அலைய வேண்டாம்.

கவனம் முழுவதையும் முழங்கால் காயத்தின்மீது வையுங்கள். எம்பாடிமெண்ட் காலத்தில், பணியின் காரணமாக ஏற்பட்ட ஊனத்துக்கு வழங்கப்படும் தொகைக்குப் பதினைந்து ஆண்டுச் சேவை தேவையில்லை; ஊனம் இருபது விழுக்காட்டுக்குக் குறையாமல் மதிப்பிடப்பட்டிருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் விடுவிப்புக்கான காரணமும், அப்போதைய மெடிக்கல் கேட்டகரியும், அதாவது மருத்துவத் தரமும், எழுதப்பட்டிருக்கும். அந்தப் பக்கம் தப்பியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பச்சிமி ஸ்டார் மேற்கு முனைப் போர்ப்பகுதியில் இருந்தவர்களுக்குத் தரப்பட்டது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு நல்ல சான்று. சங்கிராம் மெடல் மிகப் பரவலாக வழங்கப்பட்டதால் அதற்கு அந்த வலு இல்லை. இரண்டுமே தனியாக நின்று ஓய்வூதியம் வாங்கித் தரமாட்டா.

பதில்: பாலாற்றங்கரை

தமிழக அரசு முன்னாள் வீரர்களுக்கு மாதாமாதம் உதவித்தொகை தருகிறதே, அதற்கு விண்ணப்பிக்கலாமே? என் பெரியப்பாவின் மனைவி வாங்கிக்கொண்டிருந்தார்.

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், குடியாத்தம்

தம்பி, நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி ஓய்வூதியம் இல்லாமல் திரும்பியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தரப்படுவது. 1964இல் சேர்ந்தவருக்கு அது பொருந்தாது. முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய சைனிக் போர்டு வழியாக வறுமை உதவி ஒன்று உண்டு. ஓய்வூதியம் பெறாத, 65 வயதைக் கடந்த, ஹவில்தார் தரம் வரையிலான முன்னாள் படைவீரர்களுக்கு மாதம் 4,000 ரூபாயாக இருந்த அந்தத் தொகை, 2025 நவம்பர் முதல் 8,000 ரூபாயாக உயர்த்தப்பட்டிருக்கிறது. ஆனால் அதற்கு முதலில் முன்னாள் படைவீரர் என்ற தகுதி வேண்டும். பிராந்திய ராணுவத்தினரில் ஓய்வூதியம் பெறுபவர், பணியால் ஊனமுற்றவர், வீரதீர விருது பெற்றவர் ஆகியோரையே, அதுவும் 1986 நவம்பர் 15 அல்லது அதற்குப் பின் ஓய்வுபெற்றிருந்தால்தான், அந்த வரையறை ஏற்கிறது. ஆகவே 1976இல் விடுவிக்கப்பட்டவர் இந்த உதவியை நம்பியிருக்க முடியாது. மறுபடியும் முழங்காலிடம்தான் வந்து நிற்கிறோம்.

பதில்: வழக்கறிஞர், சென்னை

சுபேதார் ஐயா சொன்னவற்றோடு உடன்படுகிறேன். பிராந்திய ராணுவத்தினருக்கு ஊன ஓய்வூதியம் பொருந்தாது என்று யாரேனும் சொன்னால், 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எடுத்துக் காட்டலாம். எம்பாடிமெண்டில் இருந்தபோது விபத்தில் கால் இழந்த ஒரு பிராந்திய ராணுவ வீரருக்கு, வழக்கமான ராணுவத்தினரைப் போலவே அந்த ஓய்வூதியம் உண்டு என்று அதில் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்த வழக்கில் சட்டத்தைவிட ஆவணமே பெரிய தடை. ஓய்வூதியம் பெறாதவர்களின் சேவை ஆவணங்கள் இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அழிக்கப்பட்டுவிடும். லாங் ரோல் எனப்படும் நிரந்தரப் பதிவேட்டில் ஒரு வரி மட்டும் மிஞ்சும். ஆனால் சில வேளைகளில் அந்த ஒரு வரியிலேயே விடுவிப்புக்கான காரணமும் மருத்துவத் தரமும் இருக்கும். எனவே பட்டாலியனின் ஆவண அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்துடன் விண்ணப்பித்து, லாங் ரோல் பகுதியின் நகலையும், எம்பாடிமெண்ட் தேதிகளையும், மருத்துவக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பையும் கேளுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பட்டாலியன் என்றால் அந்த அலுவலகம் நீலகிரி வெலிங்டனில் உள்ளது. முப்பது நாட்களுக்குள் பதில் வர வேண்டும். அழித்துவிட்டோம் என்பதுதான் பதிலென்றால், அதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாய்மொழி மறுப்பை வைத்துக்கொண்டு எந்த மன்றத்திலும் வாதாட முடியாது.

அதன்பின் ஊன ஓய்வூதியம் கோரி முறையான மனு அனுப்பி, மறுக்கப்பட்டால் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். வென்றாலும் நிலுவைத் தொகை பொதுவாக மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கே கிடைக்கும். 1976 முதல் கணக்கிட்டு யாரேனும் ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். விடுவிக்கும்போது மருத்துவக் குழு பதிவு செய்யாத காயத்தை ஐம்பது ஆண்டுகள் கழித்து நிறுவுவது கடினம் என்பதையும் தாத்தாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்: கம்மவான்பேட்டை பேத்தி

இருவருக்கும் மிக்க நன்றி. புத்தகத்தைப் பார்த்தேன், மருத்துவத் தரம் எழுதிய வரியில் பாதி தெரிகிறது, விடுவிப்புக்கான காரணம் எழுதிய பகுதி அழிந்திருக்கிறது. அவருடைய எண்ணும் பட்டாலியனின் பெயரும் தெளிவாக உள்ளன. இன்னொரு ஐயம்: புத்தகத்தில் முகவரி வாலாஜா தாலுகா, வட ஆற்காடு மாவட்டம் என்று இருக்கிறது. அந்தத் தாலுகா இப்போது ராணிப்பேட்டை மாவட்டத்தில் இருக்கிறது. நாங்கள் வேலூர் மாவட்டம். நேரில் விசாரிக்க எந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போவது?

பதில்: ஓய்வுபெற்ற சுபேதார், குடியாத்தம்

இப்போது குடியிருக்கும் மாவட்டம்தான் கணக்கு, எனவே வேலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கே செல்லுங்கள். வட ஆற்காடு 1989இலும் வேலூர் 2019இலும் பிரிக்கப்பட்டதால் பழைய புத்தகங்கள் எல்லாவற்றிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஆதாரில் உள்ள முகவரி கம்மவான்பேட்டைக்கு மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் தெளிவாக இருப்பதால் தகவல் மனுவை முகவரி வேலை முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம், இந்த வாரமே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தாத்தாவின் பெயரிலேயே, அவருடைய கையொப்பத்துடன் செல்லட்டும், ஏனெனில் பிறருடைய மருத்துவ விவரம் என்று காரணம் காட்டிப் பேத்தியின் மனுவை மறுக்க இடமுண்டு.