ஹோமாரே சாவாவைப் பின்னுக்கு இழுத்தது சரிதானா?

கோல்கம்பம்:
2008-ல் ஜப்பான் பெண்கள் கால்பந்து அணியின் பயிற்சியாளர் நோரியோ சசாகி, அணியின் நட்சத்திரம் சாவாவைத் தாக்குதல் இடத்திலிருந்து தடுப்பு நடுக்களத்துக்கு (தடுப்பாளர்களுக்குச் சற்று முன்னால் உள்ள இடம்) இறக்கினார். ஜப்பான் 2011 உலகக் கோப்பை வென்றதற்கு அதுவே காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. 1993-ல் 15 வயதில் பிலிப்பைன்ஸுக்கு எதிரான முதல் சர்வதேச ஆட்டத்திலேயே 4 கோல் அடித்தவர் அவர். மொத்தக் கணக்கு 205 ஆட்டம், 83 கோல். இப்படிப்பட்டவரை எதிரணி கோலிலிருந்து இன்னும் 20 மீட்டர் தள்ளி நிறுத்துவது என்ன நியாயம்? 2011-ல் 5 கோலோடு தங்கக் காலணி (அதிக கோல் அடித்தவருக்கான விருது) வாங்கியது அந்தப் பழைய குணத்தால்தான்.

வலதுபின்:
அவர் முன்னால ஆடின காலத்துல அணி எங்கே நின்னது? 2007 உலகக் கோப்பையில குரூப் சுற்றோட வெளியே. பின்னுக்கு வந்ததும் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ல முதல் முறையா அரையிறுதி, நாலாவது இடம். அதுலயும் சாவா 3 கோல். பின்னாலிருந்து ஓடி வர்ற ஆளை யாரும் கணக்குல வைக்கிறதில்லை. ஏற்கெனவே பெட்டி (கோல் முன்னால இருக்கிற பெனால்டி கட்டம்) முன்னால நிக்கிறவர் முதுகுலதான் தடுப்பாளர் ஒட்டுவார். 40 மீட்டர் ஓடி வர்றவரைப் பிடிக்கிறது சென்டர் பேக் (நடுத் தடுப்பாளர்) வேலையா, மிட்ஃபீல்டர் வேலையான்னு அவங்க முடிவு பண்றதுக்குள்ள பந்து போயிடும்.

கோல்கம்பம்:
அந்த 5 கோலையும் பிரித்துப் பாருங்கள். மெக்சிகோவுக்கு எதிரான மூன்றில் முதல் இரண்டும் சக வீராங்கனை ஆயா மியாமாவின் செட் பீஸில் (ஃப்ரீ கிக், கார்னர் மாதிரி நிறுத்தி வைத்து உதைக்கும் பந்து) தலையால் முட்டியவை. இறுதி ஆட்டத்தில் அடித்ததும் மியாமாவின் கார்னர்தான். ஃப்ரீ கிக்கிலும் கார்னரிலும் எந்த இடத்தில் ஆடுபவரும் பெட்டிக்குள் நிற்கலாம். உங்கள் 40 மீட்டர் ஓட்டம் அங்கே எதற்கு? அரையிறுதியையும் மறக்க வேண்டாம். 10-வது நிமிடத்தில் சாவா தவறவிட்ட பாஸைப் பறித்துத்தான் ஸ்வீடனின் ஓக்விஸ்ட் கோல் போட்டார். தாக்குதல் பகுதியில் பாஸ் தவறினால் பின்னால் எட்டுப் பேர் இருப்பார்கள். தடுப்பு நடுக்களத்தில் தவறினால் மிச்சம் இரண்டு சென்டர் பேக்தான்.

வலதுபின்:
செட் பீஸ் விஷயம் சரி, ஒத்துக்கறேன். ஆனா கோலை மட்டும் எண்ணாதீங்க. காலிறுதியில ஜெர்மனியை அவங்க மண்ணுல, வோல்ஃப்ஸ்பர்க்ல, 108-வது நிமிஷம் உடைச்சது மருயாமாவோட கோல். அந்தப் பந்தைத் தடுப்பாளர்களுக்குப் பின்னால போட்டது சாவா. பத்தாம் நம்பர் இடத்துல, அதாவது ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால, பந்து பாதி நேரம் கோலுக்கு முதுகு காட்டித்தான் கிடைக்கும், திரும்பவே ரெண்டு தொடுதல் போயிடும். பின்னால இருந்தா முழு மைதானமும் முகத்துக்கு நேரே. அப்போ அவருக்கு 32 வயசு. ஆளை உதறிட்டுத் திரும்பற வேகம் குறையுற வயசுல, பார்வைக்கு வேலை கொடுக்கிற இடம் அதுதான்.

நடுக்கோடு:
இருவரும் மிசுஹோ சகாகுச்சியை விட்டுவிட்டீர்கள். ஜப்பானில் தடுப்பு நடுக்கள இடத்துக்கு 'போரன்ச்சி' என்று பெயர். பிரேசில் வழி வந்த சொல், வண்டியின் ஸ்டீயரிங் என்று பொருள். சசாகியின் 4-4-2 அமைப்பில் (4 தடுப்பு, 4 நடுக்களம், 2 தாக்குதல்) இரண்டு போரன்ச்சி, சாவாவும் சகாகுச்சியும். ஒருவர் ஏறினால் மற்றவர் நடுவிலேயே நிற்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் ஏறினால் சென்டர் பேக்குகளுக்கு முன்னால் ஓட்டை விழும். இருவரும் தங்கிவிட்டால் முன்னால் உள்ள இரண்டு பேருக்குப் பந்து போய்ச் சேராது. சாவா அத்தனை தூரம் ஏற முடிந்தது சகாகுச்சி நின்றதால். அந்தப் பெண்ணுக்கு உரிய பெயர் கிடைக்கவே இல்லை என்பது என் ஆதங்கம்.

2011 இறுதி ஆட்டத்தின் 117-வது நிமிட கார்னர் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிராங்க்பர்ட்டில் அமெரிக்கா 2-1 முன்னிலை. மியாமா பந்தை அருகிலுள்ள கம்பத்துக்குத் தாழ்வாக அனுப்பினார். அமெரிக்காவின் நெட்டையான வாம்பாக் மாதிரியானவர்களோடு நடுவில் உயரத்தில் மோதினால் தோல்விதான். சாவா தடுப்பாளருக்கு முன்னால் குறுக்கே பாய்ந்து, ஏறக்குறைய கோலுக்கு முதுகு காட்டியபடி வலது காலின் வெளிப்பக்கத்தால் திருப்பினார். உள்பாதத்தைப் பயன்படுத்தியிருந்தால் உடம்பைத் திருப்ப நேரம் இருந்திருக்காது. பெனால்டியில் 3-1, கோப்பை ஜப்பானுக்கு.

கோல்கம்பம்:
அருமையான விளக்கம், ஆனால் அது என் கட்சிக்குத்தான் பலம். அந்தத் தொடுதல் பெட்டிக்குள் வளர்ந்தவருடையது.

வலதுபின்:
அந்தத் தொடுதலுக்கு 117-வது நிமிஷத்துலயும் கால்ல தெம்பு வேணுமே! இன்னொண்ணு: 2012 மார்ச்ல அல்கார்வ் கோப்பை சமயம் தலைசுற்றல் நோய் வந்து ஒதுங்கினார். தலையைத் திருப்பினாலே சுத்துற நோய். ஆட்டம் முழுக்கத் தலையைத் திருப்பிப் பார்த்துட்டே இருக்க வேண்டிய மிட்ஃபீல்டருக்கு அதைவிடக் கொடுமை கிடையாது. ஆனாலும் அந்த ஆகஸ்ட்ல வெம்ப்லி ஒலிம்பிக் இறுதியில அதே இடத்துலதான் ஆடினார், வெள்ளி வாங்கினார்.

கோல்கம்பம்:
2015 உலகக் கோப்பை இறுதியையும் சொல்லுங்கள், அமெரிக்காவுக்கு எதிராக. 33-வது நிமிடத்தில் சாவாவை மாற்று வீராங்கனையாக இறக்கியபோது ஜப்பான் 1-4 பின்னால். போரன்ச்சி என்ன செய்ய முடியும்? ஜப்பானின் இரண்டாவது கோல் மியாமாவின் ஃப்ரீ கிக்கில், சாவா வானில் மோதப் போனதால் அமெரிக்கத் தடுப்பாளர் தலையில் பட்டுத் தன் கோலுக்குள்ளேயே போனது. மறுபடியும் செட் பீஸ், மறுபடியும் பெட்டிக்குள். அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானின் உள்நாட்டுப் போட்டியான பேரரசி கோப்பை இறுதியில், கோபே அணிக்காக அவர் ஆடிய கடைசி ஆட்டத்தின் ஒரே கோலும் கார்னரில் தலையால் அடித்ததுதான். அப்போது வயது 37.

நடுக்கோடு:
அந்த ஆட்டத்திலும் அவர் ஆடிய இடம் நடுக்களம்தான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.