தாண்டிக்குடிப் பக்கம் கிராவல் குவாரி: எங்கள் ஊற்றுக்கு என்ன ஆகும்?

மிளகுக்கொடி கேட்டது:

வணக்கம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் தோட்டம். சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தில் மிளகு, இடையிடையே மலைவாழை. தோட்டத்துக்கு மேலே இருக்கும் பட்டா மேட்டை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, கிராவல் எடுக்க விண்ணப்பித்திருக்கிறார். இரண்டு ஹெக்டேருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த மேட்டின் அடியில், பலா மரத்தடியில்தான் எங்கள் ஊற்று. பதினொரு வீட்டுக்கு ஓஸ் போட்டுக் குடிதண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது.

"வெடி வைக்க மாட்டோம், பாறையைத் தொட மாட்டோம், மேல் மண்ணைத்தானே அள்ளுகிறோம்" என்கிறார்கள். ஊரில் பாதிப் பேர் சரி என்றுவிட்டார்கள். அம்மா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. யாரிடம், என்ன கேட்க வேண்டும்?

ஓடைக்கரை:

தம்பி, உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. முப்பது வருடம் நிலத்தடி நீர் பார்த்தவன் நான்.

பழனி மலையின் பாறை சார்னோக்கைட். வெடிப்பு இருந்தால் ஒழிய அது தண்ணீர் பிடிக்காது. அதற்கு மேலே மக்கிப்போய்க் கிடக்கும் பகுதிதான் ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு பங்குனி வரை கசியவிடுகிறது. அதைத்தான் கிராவல் என்று அள்ளப்போகிறார்கள். தொட்டியையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டுத் தண்ணீரைத் தொடவில்லை என்றால் எப்படி?

மழை விட்டு மூன்று நாள் கழித்து, ரோட்டுக்காக மலையை வெட்டிய இடத்தில் போய் நில்லுங்கள். மேலே செம்மண், நடுவில் விரலால் நசுக்கினால் உதிரும் பாறை, கீழே கெட்டிப் பாறை. நடுப்பகுதியும் கெட்டிப் பாறையும் சேரும் கோட்டில்தான் ஈரம் கசியும். அந்தக் கோடு வெளியே தலைகாட்டும் இடம்தான் உங்கள் ஊற்று.

மனு எழுதுவதற்கு முன்னால் ஊற்றை அளந்துவிடுங்கள். பத்து லிட்டர் வாளியை ஓஸில் வைத்து, நிரம்ப எத்தனை விநாடி என்று போனில் பாருங்கள். 40 விநாடி என்றால் மணிக்கு 900 லிட்டர். வாரம் ஒருமுறை, அதே நேரத்தில், தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். இதைப் பிடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேறொரு மலை ஊரில் மேட்டை வெட்டிய இரண்டாம் வருடம் ஊற்று நூலாகிப்போனது. முன்பு எவ்வளவு வந்தது என்று கேட்டார்கள். "நிறைய வந்தது" என்பதற்கு மேல் யாராலும் சொல்ல முடியவில்லை. நானும் அங்கே இருந்தேன், என் கையிலும் கணக்கு இல்லை.

வத்தலக்குண்டு மனு:

ஐயா சொன்னதோடு சேர்த்து:

5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று 2012-இல் உச்ச நீதிமன்றம் தீபக் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. சின்னக் குவாரிக்குப் பொதுவாகப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடக்காது. ஆனால் 500 மீட்டருக்குள் அதே வகைக் குவாரிகள் இருந்து, எல்லாம் சேர்ந்து 5 ஹெக்டேரைத் தாண்டினால் நிலைமை மாறும். பக்கத்தில் வேறு குத்தகை உண்டா என்று விசாரியுங்கள். உங்கள் வருவாய்க் கிராமம் ஹாகா, அதாவது மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சுரங்கத் திட்டத்தின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். வரைபடத்தில் உங்கள் ஊற்றைக் குறித்திருக்கிறார்களா என்பதை முதலில் பாருங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.

கோத்தகிரி அக்கா:

தம்பி, வண்டலையும் மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கம் மேட்டை வெட்டிப்போட்ட வருடம், முதல் மழைக்கே ஓடையில் செந்தண்ணீர். குடத்தில் பிடித்து வைத்தால் காலையில் அடியில் நான்கு விரல் சேறு. குழியைச் சுற்றி வடிகால், அது போய் விழ அடுத்தடுத்து இரண்டு படிவுக் குழி, எடுத்த மேல் மண்ணை ஓடைப் பக்கம் கொட்டாமல் தனியாக வைப்பது, இதெல்லாம் திட்டத்தில் இருக்கிறதா பாருங்கள். படிவுக் குழியை யார் தூர்வாருவார், எந்த மாதம் என்றும் எழுத்தில் வாங்குங்கள். எங்களுக்கு வெட்டிக் கொடுத்த குழி ஒரே மழையில் நிரம்பியது, அப்புறம் யாரும் வரவில்லை.

மிளகுக்கொடி:

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை ஆறரைக்கு அளந்தோம். மூன்று முறை வைத்ததில் 46, 47, 47 விநாடி. மணிக்குச் சுமார் 770 லிட்டர். அம்மாதான் வாளியைப் பிடித்தார். காப்பிக் கூலிக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டு இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. நகல் கேட்டு நாளை தபாலில் மனு போடுகிறேன்.