பழைய 6 அங்குல பெஞ்ச் வைஸ் வாங்கலாமா?

கேள்வி:
வார்ப்பிரும்பு பெஞ்ச் வைஸ் (வேலை மேசையில பொருத்தி, பொருளை ரெண்டு தாடைக்கு நடுவுல இறுக்கிப் பிடிக்கிற கருவி) ஒண்ணு பழைய சாமானோட கிடைக்குது. மேலெல்லாம் துரு. கைப்பிடி வளைஞ்சிருக்கு, திருப்பினா கால் சுற்று சும்மா ஓடுது. சீர் பண்ணித் தேறுமா, புதுசே வாங்கிடலாமா?

பதில் 1:
துரு ஒரு பொருட்டே இல்ல. விரிசல் இருந்தா மட்டும் தொடாதீங்க. போல்ட் துளைகளைச் சுத்தியும், அசையாத தாடைக்குப் பின்னாடியும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பாருங்க. பித்தளை நிறத்துல கோடு தெரிஞ்சா, உடைஞ்சதை பிரேசிங் வச்சு, அதாவது பித்தளையை உருக்கி, ஒட்டியிருக்காங்க. வேண்டாம்.

எனக்கு உறுத்துறது அந்த வளைஞ்ச கைப்பிடிதான். குழாய் மாட்டி நெம்பியிருப்பாங்க, இல்ல சுத்தியலால அடிச்சு முறுக்கியிருப்பாங்க. அந்த பாரம் ஸ்குரு மரையிலயும், அது உள்ள சுத்துற நட்டுலயும்தான் இறங்கியிருக்கும். ஸ்குருவை முழுசா வெளிய எடுத்துப் பாருங்க. சதுர மரையோட தலை தட்டையா இருக்கணும். கத்தி முனையாட்டம் கூரா இருந்தா தேய்ஞ்சு முடிஞ்சுது.

பதில் 2:
கால் சுற்று ஆட்டம் பழசுல சகஜம். எங்க ஆட்டம்னு மட்டும் பிரிச்சுப் பாருங்க. முன் தாடையைக் கையால இழுத்துத் தள்ளுங்க. ஸ்குரு நிக்க, தாடை மட்டும் நகர்ந்தா காலர்ல (ஸ்குருவை முன் தாடையோட பிடிச்சு வைக்கிற வளையம்) இடைவெளி. தடிமன் பார்த்து ஒரு வாஷர் போட்டா தீர்ந்துது. ஸ்குருவும் சேர்ந்து வந்தா நட்டு தேய்மானம். நட்டு தனியா கழட்டுற மாதிரி இருந்தா லேத்துல (கடைசல் இயந்திரம்) புதுசு கடைஞ்சுக்கலாம். மரை உடம்பிலேயே வெட்டியிருந்தா செலவு கட்டாது.

தாடையோட ரெண்டு ஓரத்துலயும் காகிதத் துண்டு வச்சு இறுக்கி இழுங்க. ஒண்ணு மட்டும் உருவிட்டு வந்தா தாடை கோணல்.

கேட்டவர்:
நட்டு தனிதான், விரிசலும் இல்ல. துரு எடுக்க வினிகர் போதுமா?

பதில் 2:
தாடைத் தகடு, திருகு மாதிரி சின்னதுக்குப் போதும். ஒரு ராத்திரி ஊறவிட்டு, சமையல் சோடா தண்ணியில அலசி, உடனே காயவச்சு எண்ணெய் தடவிடுங்க; தாமதிச்சா மறுபடி பழுப்பேறிடும். பெரிய உடம்புக்கு மின்பகுப்புதான் (சோடாத் தண்ணியில முக்கி மின்சாரம் விட்டுத் துரு எடுக்கிறது) நல்லது. 10 லிட்டர் தண்ணிக்கு 3 மேசைக்கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் சார்ஜர். நெகட்டிவ் வைஸ்ல, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் தகட்டுல, ரெண்டும் தொடக்கூடாது. எவர்சில்வர் மட்டும் பாசிட்டிவ்ல மாட்டாதீங்க, நச்சுக் குரோமியம் கரையும். ஹைட்ரஜன் வரும், அதனால திறந்தவெளியில வைங்க. சுவிட்சை அணைச்சுட்டுத்தான் தண்ணிக்குள்ள கை விடணும்.

பதில் 1:
கிரீஸ் ஸ்குருவுக்கும் காலருக்கும் மட்டும். முன் தாடை நகர்ற சறுக்குப் பாதையில மெல்லிய எண்ணெய் போதும். அங்க கிரீஸ் போட்டா அரத்தூள் ஒட்டி, உப்புத்தாள் மாதிரி தேய்ச்சுடும்.