கடலூரில் குடியிருப்பு, புதுச்சேரியில் பணி: பயன்படுத்திய டிசையரா, புதியதா?

கேள்வி: மஞ்சக்குப்பம்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியிருக்கிறேன். பணி புதுச்சேரி முதலியார்பேட்டையில். ஆல்பேட்டை, முள்ளோடை, தவளக்குப்பம், அரியாங்குப்பம் வழியாகப் போக வர நாளொன்றுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகிறது. இத்தனை ஆண்டுகளாக ஸ்கூட்டரிலேயே சென்று வந்துவிட்டேன். சென்ற மாதம் அம்மாவுக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து ஒவ்வொரு முறையும் வாடகைக் கார் பேசி மாளவில்லை. மடக்கு சக்கர நாற்காலியை வைத்த பிறகும் இரண்டு பைகளுக்கு இடம் வேண்டும் என்பதால், டிக்கி தனியாக உள்ள சிறிய செடான் கார்தான் வாங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

புதுச்சேரி வில்லியனூரில் ஒரு தரகர் மூலமாக 2021ஆம் ஆண்டு மாருதி டிசையர் வி.எக்ஸ்.ஐ. வகைக் கார் ஒன்று வந்திருக்கிறது. பி.ஒய். 01 (புதுச்சேரி) பதிவு, ஒரே உரிமையாளர், மீட்டரில் 46,000 கிலோமீட்டர், கேட்கும் விலை 5,60,000 ரூபாய். புதிய டிசையரின் தொடக்க வகையை எடுத்தால் பதிவு, காப்பீடு எல்லாம் சேர்த்து ஏழரை லட்சத்தை நெருங்குகிறது. என் கைவசம் உள்ளதற்கு அது சற்று அதிகம். புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் என் மைத்துனர், தம் பெயரிலும் முகவரியிலுமே பதிவு செய்துகொண்டால் தமிழ்நாட்டு வரியைத் தவிர்த்துவிடலாம் என்கிறார். அது சரிப்பட்டு வருமா, இந்தப் பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: கோண்டூர் பட்டறை

தம்பிக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் பக்கத்தில் பழைய கார் பார்க்கப் போனால் இன்ஜினைப் பற்றிய கவலை இரண்டாவதுதான், முதல் கவலை தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரின் தாழ்வான பகுதிகள் எல்லாம் மூழ்கின. அடுத்த இரண்டு நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட நீரால் தென்பெண்ணை பெருகி, கடலூரிலும் கரையோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அந்த வாரத்தில் தெருவில் நின்ற கார்களில் எத்தனையோ வண்டிகள் கழுவித் துடைக்கப்பட்டுச் சந்தைக்கு வந்திருக்கின்றன. 2021 மாடல், புதுச்சேரிப் பதிவு என்றால் அந்தப் புயலின்போது அது அங்கேதான் நின்றிருக்க வேண்டும்.

வண்டியைப் பகலில் பாருங்கள். ஓட்டுநர் இருக்கையின் சீட் பெல்ட்டை, சுருளில் இருப்பது முழுவதும் வெளியே வரும் வரை இழுங்கள். கழுவுகிறவர்கள் கண்ணுக்குத் தெரியும் இரண்டடியைத்தான் கழுவுவார்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசிப் பகுதியில், தேநீர் காய்ந்த நிறத்தில் ஒரு குறுக்குக் கோடு இருந்தால், தண்ணீர் அந்த உயரத்துக்கு நின்றது என்று பொருள். பிறகு இருக்கையை முன்னும் பின்னும் தள்ளி, அது ஓடும் தண்டவாளத்தின் போல்ட் தலைகளைக் கைப்பேசி வெளிச்சத்தில் பாருங்கள். மேலே எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், போல்ட் தலையின் பள்ளத்தில் படிந்த வண்டலை யாரும் குச்சி வைத்துக் குத்தி எடுப்பதில்லை. டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடியில் உள்ள குழியையும், டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பெட்டியில் இறங்கும் ஒயர் முனைகளையும் பாருங்கள். செம்பில் பச்சைப் பொடி பூத்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கும் ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் காப்பது) விளக்கும் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரிந்தபடியே இருப்பது கோளாறு. எரியவே இல்லை என்றால் அது அதைவிட மோசம், ஏனென்றால் கோளாறு தெரியாதிருக்க யாரோ அந்த விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கக்கூடும். ஏர்பேக்கின் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் இரண்டு முன் இருக்கைகளுக்கு நடுவே தரையை ஒட்டி அமர்ந்திருக்கும். உள்ளே தண்ணீர் புகுந்தால் முதலில் நனைவது அதுதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏ.சி.யை உள்காற்றுச் சுழற்சியில் பத்து நிமிடம் ஓடவிட்டு முகர்ந்து பாருங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தால் அதை எதற்காகத் தெளித்தார்கள் என்று கேளுங்கள்.

மீட்டரைக் குறைப்பது இன்றைக்குப் பெரிய வித்தை இல்லை. 46,000 ஓடிய வண்டியில் பிரேக் பெடலின் ரப்பரும் ஸ்டீயரிங்கின் மேற்பகுதியும் வழவழவென்று தேய்ந்திருக்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் மையத்தில் பதிவெண்ணைச் சொல்லி, எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டரில் வண்டி வந்தது என்ற வரலாற்றை உரிமையாளர் மூலமாகவே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். தர மறுத்தால் அதுவே உங்களுக்குப் பதில். முடிந்தால் ரேம்பில் ஏற்றி அடிப்பாகத்தையும் பாருங்கள். கடற்காற்றில் நிற்கும் வண்டிகளுக்குச் சைலன்சரும் பிரேக் குழாய்களும்தான் முதலில் துருப்பிடிக்கும்.

பதில்: ரெயின்போ நகர்

மேலே ஐயா எழுதியதற்கு நானே சாட்சி. ஃபெஞ்சல் இரவில் எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. காலையில் நான் செய்த முட்டாள்தனம், ஓடுகிறதா என்று பார்க்கச் சாவியைத் திருப்பியது. காற்று புகும் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிய இன்ஜின் ஒரே இழுப்பில் இறுகிவிட்டது. முழுக் காப்பீடு இருந்தும், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை நான் எடுத்திருக்காததால் இன்ஜின் செலவை ஏற்க மறுத்துவிட்டார்கள். வாதாடி அலுத்துப்போய், கிடைத்த விலைக்கு ஒரு வியாபாரியிடம் தள்ளிவிட்டேன்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஐந்து மாதம் கழித்து, நண்பருக்குக் கார் பார்க்க ஒரு விற்பனை வளாகத்துக்குப் போனபோது, அங்கே என் வண்டியே நின்றது. புதிய தரை விரிப்பு, புதிய சீட் உறை, வாசலில் எலுமிச்சைப் பழம். பின்பக்கக் கதவின் உட்புறம் என் மகள் ஒட்டியிருந்த வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கரைச் சுரண்டியதில் ஒரு சிறகு மட்டும் மிச்சம் இருந்தது. விற்பவர் எங்களிடம், "மருத்துவர் வைத்திருந்த வண்டி, மழையில்கூட வெளியே எடுத்ததில்லை" என்றார்.

புதியதோ பழையதோ, எதை வாங்கினாலும் காப்பீட்டில் இன்ஜின் பாதுகாப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர் 1961

காப்பீட்டுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். மைத்துனர் முகவரி என்ற யோசனையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் நம் ஊரில் ஏறத்தாழ எல்லா வீட்டிலும் ஒரு புதுச்சேரி உறவினர் இருக்கிறார். எல்லா வீட்டிலும் இந்த யோசனை வருகிறது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆம் பிரிவின்படி, வாகனத்தை வாங்கியவர், தாம் குடியிருக்கும் இடத்துக்கோ வாகனம் வழக்கமாக வைக்கப்படும் தொழிலிடத்துக்கோ உரிய பதிவு அதிகாரியிடம் முப்பது நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் குடியிருப்பு மஞ்சக்குப்பம். இரவில் வண்டி நிற்கப்போவதும் அங்கேதான். வேறு மாநிலப் பதிவுள்ள வாகனத்தைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்குள்ள பதிவெண்ணைப் பெற வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் என்றோ ஒருநாள் நிறுத்திக் கேட்பார்கள் என்பதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. பதிவுச் சான்று மைத்துனர் பெயரிலும், பணம் கொடுத்தவரும் ஓட்டுபவரும் நீங்களாகவும் இருந்தால், விபத்து நேரும் நாளில் வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. விற்பதற்கும் அவர் கையொப்பம் வேண்டும். உறவு இன்று நன்றாக இருக்கிறது என்பது காகிதத்தில் ஏறுவதில்லை.

முறைப்படி செய்வதானால், புதுச்சேரி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 28ஆம் படிவத்தில் தடையின்மைச் சான்று பெற வேண்டும். நிலுவையில் உள்ள அபராதங்களை முடித்து, வங்கிக் கடன் இருந்தால் வங்கியின் ஒப்புதலும் பெற்றால்தான் அது கிடைக்கும். பிறகு 29, 30ஆம் படிவங்களில் உரிமை மாற்றம், 27ஆம் படிவத்தில் புதிய பதிவெண்ணுக்கான விண்ணப்பம், வண்டியின் வயதைப் பொறுத்துத் தமிழ்நாட்டு வாழ்நாள் வரி. இந்த வரியைத் தரகர் சொன்ன 5,60,000 ரூபாயோடு கூட்டிப் பார்த்துவிட்டுத்தான் மலிவா இல்லையா என்று சொல்ல வேண்டும். டி.என். 31 (கடலூர்ப் பதிவு) வண்டியாகவே கிடைத்தால் இந்த அலைச்சலில் பாதி இல்லை.

பழைய உரிமையாளரின் 'நோ க்ளெய்ம் போனஸ்', அதாவது இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான காப்பீட்டுத் தள்ளுபடி, வண்டியோடு வராது. அது அவருக்கே உரியது. எனவே தரகர், "காப்பீட்டுக்குக் குறைவாகத்தான் ஆகும்" என்று காட்டும் பழைய ரசீதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். வாங்கிய பதினான்கு நாட்களுக்குள் காப்பீட்டை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்துவிடுங்கள்.

பதில்: நெய்வேலி நகரியம்

நான் புதியதன் பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1200 சி.சி.க்கு மிகாத இன்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்து, அதன்மேல் இருந்த ஒரு விழுக்காடு கூடுதல் வரியும் நீங்கியிருக்கிறது. சிறிய செடான்களான டிசையர், அமேஸ், ஆரா, டிகோர் நான்கும் இந்த வரம்புக்குள் வருபவையே. ஆனால் பழைய கார் விற்பவர்களில் பலர், புதியதன் பழைய விலையை மனத்தில் வைத்தே இன்னமும் பேசுகிறார்கள்; 5,60,000 என்பது எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. மறுபுறம், தமிழ்நாட்டில் ஐந்து முதல் பத்து லட்சம் வரையுள்ள புதிய கார்களுக்கு 2023 நவம்பர் முதல் வாழ்நாள் வரி 13 விழுக்காடு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. நீங்கள் சொல்லும் ஏழரை லட்சத்தில் அது கணிசமான பங்கு.

2024 நவம்பரில் வந்த டிசையரில் தொடக்க வகையிலேயே ஆறு ஏர்பேக்குகள் உண்டு. குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2021 வி.எக்ஸ்.ஐ.யில் ஏர்பேக் இரண்டுதான். ஆனால் பழையதில் நான்கு சிலிண்டர் இன்ஜின், புதியதில் மூன்று. நின்றபடி ஓடும்போது அந்த அதிர்வு எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சி.என்.ஜி. வகையைப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள்: சிலிண்டர் டிக்கியில் உட்கார்ந்துகொள்ளும், நாற்காலிக்கு இடம் இராது.

எதை முடிவு செய்வதற்கு முன்பும் அம்மாவை ஒருமுறை முன் இருக்கையில் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள். செடான் கார்களில் இருக்கை தாழ்வு. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் சிரமம்.

மஞ்சக்குப்பம்வாசி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் சென்று வந்தேன். வண்டி பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, மனம் ஏறத்தாழ முடிவு செய்துவிட்ட நிலையில்தான் சீட் பெல்ட் நினைவுக்கு வந்தது. முழுவதும் இழுத்தபோது, கோண்டூர் ஐயா சொன்ன அதே நிறத்தில், விரல் அகலத்துக்கு ஒரு கோடு. தரகர் சற்றும் தயங்காமல், உரிமையாளரின் பிள்ளைகள் காபி கொட்டிவிட்டதாகச் சொன்னார். இடப்பக்கப் பெல்ட்டையும் இழுத்தேன். அங்கும் அதே உயரத்தில் காபி கொட்டியிருந்தது. சர்வீஸ் வரலாறு கேட்டதற்கு மறுநாள் தருவதாகச் சொன்னவர் இதுவரை அழைக்கவில்லை.

மைத்துனரிடம் 50ஆம் பிரிவைப் படித்துக் காட்டினேன்; சற்று மனத்தாங்கல், ஆயினும் புரிந்துகொண்டார்.

இப்போது விருத்தாசலத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் 2020ஆம் ஆண்டு அமேஸ் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டுப் பதிவு, 39,000 கிலோமீட்டர், சர்வீஸ் வரலாற்றை அவரே அச்செடுத்துக் கோப்பில் வைத்திருந்தார், விலை 5,10,000 ரூபாய். இடப்பக்கப் பின் கதவு மட்டும் பட்டி வைத்து மறுவண்ணம் பூசப்பட்டிருக்கிறது. கேட்கும் முன்பே, வாயில் தூணில் தாமே உரசிவிட்டதாகச் சொன்னார். நாற்காலி டிக்கியில் படுக்கை வாட்டில் சென்றது, பக்கத்தில் இரண்டு பைகளும் சென்றன. அம்மா முன் இருக்கையிலிருந்து இறங்கக் கதவின் தூணைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பின் இருக்கையில் அந்தச் சிரமம் இல்லை என்கிறார். பதிவுச் சான்றில் வங்கியின் பெயர் இன்னும் நீக்கப்படவில்லை. கடன் அடைந்துவிட்டது, வங்கியின் பெயரை நீக்குவதற்கான 35ஆம் படிவம்தான் வரவேண்டும் என்கிறார் ஆசிரியர். பத்தாயிரம் முன்பணம் கொடுத்து ரசீது வாங்கியிருக்கிறேன். மீதியை அந்தப் படிவத்தைக் கையில் பார்த்த பிறகே தருவதாகச் சொன்னேன். அவரும் அதுதான் முறை என்றார்.

பதில்: கோண்டூர் பட்டறை

நல்லது தம்பி. அமேஸில் கிளட்ச் எந்த உயரத்தில் பிடிக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெடல் ஏறத்தாழ முழுவதும் மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால், கிளட்ச் தட்டு மாற்றும் செலவை விலையில் பேசிக் கழிக்கலாம். பணம் கொடுக்கும் அன்று இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்கி, இரண்டிலும் வண்டியை ஓடவிட்டுப் பாருங்கள். எடுத்துவரும் வழியில் பட்டறைக்கு வந்தால் ரேம்பில் ஏற்றிப் பார்த்துவிடுவோம்.