டெங்கி இல்லை என்றார்கள், காய்ச்சலும் இறங்கவில்லை: மலேசியாவின் பீடோர் ஊர்ப் பெற்றோர் பகிர்ந்தவை

பையனின் அம்மா, பீடோர்

தோட்டத்துப் பக்கம் பிள்ளைகளை வைத்திருக்கும் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும். என் மகனுக்கு எட்டு வயது. பள்ளி விடுமுறை விட்டால் பாட்டி வீட்டில்தான் இருப்பான். லயத்து வீட்டுக்குப் பின்னால் வடிகால், அதைத் தாண்டினால் செம்பனைக் காடு. தாத்தா உதிரிப் பழம் பொறுக்கப் போனால் இவனும் கோணியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். சாயங்காலம் லாலாங் புல் கீறிய காலோடு வருவான். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது புதிதில்லை.

வீட்டுக்குத் திரும்பி ஒரு வாரத்துக்கு மேல் ஆன பிறகு காய்ச்சல் வந்தது. டவுனில் ஒரு கிளினிக்குக் கொண்டுபோனோம். விரலில் குத்தி டெங்கி டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். பனடோல் கொடுத்து வைரல் காய்ச்சல் என்று அனுப்பிவிட்டார்கள். இறங்கவில்லை. மறுபடி போனோம், தொண்டை சிவந்திருக்கிறது என்று அமோக்சிசிலின் சிரப் கொடுத்தார்கள். அதைக் குடித்தும் ராத்திரியானால் 39, 40 என்று ஏறும். நெற்றியைப் பிடித்துக்கொண்டு அழுவான். கண் ரெண்டும் சிவந்து, விளக்கைப் போட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். என் மாமியார் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டார், மாரியம்மனுக்கு முடிந்து வைத்தார். பிள்ளை துவண்டு கிடக்கும்போது அவரவருக்குத் தெரிந்ததைச் செய்யத்தான் செய்வோம்.

பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் பிளேட்லெட் குறைந்திருந்தது, கல்லீரல் கணக்கும் ஏறியிருந்தது. மறுபடி டெங்கி பேச்சு. அன்று ராத்திரி டியூட்டிக்கு வந்தது ஒரு மலாய்க்கார டாக்டர், சின்னப் பெண். காகிதத்தைப் பார்ப்பதற்கு முன்னால் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்: "அடா மாசுக் லாடாங்?" தோட்டத்துக்குள்ளே போனானா என்று. அதுவரை யாருமே கேட்காத கேள்வி.

ஆமாம் என்றதும் அவன் சட்டையைக் கழற்றினார். அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடியைப் பிரித்துப் பிரித்து, தொப்புள், தொடை இடுக்கு என்று டார்ச் அடித்துப் பார்த்தார். கால்சட்டை எலாஸ்டிக் இறுக்கும் இடத்தில், முதுகுப் பக்கம், பச்சரிசி அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம், சிகரெட் நெருப்பு பட்ட புண் மாதிரி. அழுத்தினார். "வலிக்குதாடா?" என்று நான் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அரிக்கவும் இல்லையாம். வலியும் அரிப்பும் இல்லாத புண்ணைக் குழந்தை எப்படி வந்து சொல்லும்?

ஸ்க்ரப் டைபஸ் என்றார் டாக்டர், புல்லில் இருக்கும் சின்னப் பூச்சி கடித்து வரும் காய்ச்சலாம். ரத்தத்தைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அன்றிரவே டாக்சிசைக்கிளின் ஆரம்பித்தார்கள். ரெண்டு நாளில் காய்ச்சல் விட்டது. எழுந்து உட்கார்ந்து மைலோ கேட்டான். அந்த ரிசல்ட் நாங்கள் வீட்டுக்கு வந்து வெகுநாள் கழித்துத்தான் வந்தது.

எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சுற்றிலும் செம்பனை இருக்கும் ஊரில் கிளினிக் வைத்திருப்பவர்கள், காய்ச்சல் பிள்ளையிடம் எங்கே விளையாடினாய் என்று ஏன் கேட்பதில்லை? உங்களுக்கு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? இது திரும்ப வருமா? பாட்டி வீட்டு நாயால் வந்தது என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள், நாயைக் கொண்டுபோய் விட வேண்டுமா? தங்கச்சிப் பாப்பாவுக்கு ஒட்டுமா?

ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெசர்

அம்மா, பையன் தேறி வந்ததற்கு ஆண்டவனுக்கு நன்றி. அந்த டாக்டர் நல்லா இருக்கணும்.

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், பழம் வெட்டுகிறவனோ மருந்து அடிக்கிறவளோ காய்ச்சல் என்று வந்து நின்றால் முதல் வேலை உடம்பைப் பார்ப்பதுதான். ஆம்பளைகளிடம் கைலியை அவிழ்க்கச் சொல்வேன், கூச்சப்படுவார்கள், விடமாட்டேன். பொம்பளைகளை ஆயாம்மா திரைக்குப் பின்னால் வைத்துப் பார்ப்பார். கருப்புப் பொருக்கு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பக்கத்தில் நெறி கட்டியிருக்கும், அதையும் தொட்டுப் பார்ப்பேன். ஒன்று சொல்கிறேன், எல்லாருக்கும் பொருக்கு இருக்காது. இல்லை என்பதால் நோய் இல்லை என்று விட்டுவிடக் கூடாது.

இது நம் மண்ணில் பழைய நோய். 1920களிலேயே கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் டாக்டர் பிளெட்சர் கூட்டத்தார், டவுனில் வரும் டைபஸ் வேறு, காட்டிலும் தோட்டத்திலும் வரும் டைபஸ் வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டார்கள். டவுன் வகை எலித் தெள்ளால் வருவது. நம் வகைக்குக் காரணம் புல்லில் இருக்கும் சிவப்புச் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குகூட இருக்காது, கண்ணுக்குத் தெரியாது. வாழ்நாளில் குஞ்சாக இருக்கும்போது மட்டும்தான் எலியையோ மனிதனையோ கடிக்கும். கிருமியைத் தாய்ப்பூச்சி முட்டை வழியாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிடும். அதனால்தான் ஒரே புல்வெளியில் வருஷக்கணக்காக நோய் தங்கிவிடுகிறது.

இதை நன்றாகக் குணமாக்கும் மருந்தைச் சோதித்துப் பார்த்ததும் நம் நாட்டில்தான். 1948இல் ஸ்மேடல் என்ற அமெரிக்க டாக்டர் தலைமையில் ஒரு குழு கோலாலம்பூர் வந்து, குளோராம்பெனிகால் கொடுத்துப் பார்த்தது. அதுவரை வாரக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் சீக்கிரமே எழுந்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் ஒரு குழந்தை அமோக்சிசிலினைக் குடித்துக்கொண்டு கிடந்திருக்கிறது என்று படிக்கும்போது மனசு வலிக்கிறது. அந்தக் கிருமி நம் செல்லுக்குள்ளேயே குடியிருப்பது, பென்சிலின் வகை எதுவும் அதைத் தொடாது.

உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன். ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது, பாப்பாவைப் பற்றிப் பயம் வேண்டாம். நாயை விரட்டாதீர்கள், இந்த நோய்க்கு அது காரணம் இல்லை. ஆனால் நாய் உண்ணியால் வேறு காய்ச்சல் வரலாம், அதனால் நாய்க்கு உண்ணி மருந்து போடுங்கள். திரும்ப வருமா என்றால், வரலாம். கிருமியில் பல வகை உண்டு, ஒன்றுக்கு வந்த எதிர்ப்பு மற்றதற்கு அவ்வளவாக நிற்காது. காட்டுக்குப் போனால் நீளக் கால்சட்டை, அதைக் காலுறைக்குள் செருகி பூட்ஸ், டீட் கலந்த பூச்சி மருந்து. புல்லில் உட்காரவோ சட்டையைக் கழற்றிப் போடவோ விடாதீர்கள். வந்தவுடன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளிக்கட்டும், உடுப்பு நேராகத் துவைக்கப் போகட்டும். வீட்டுப் பின்புறம் லாலாங்கை வெட்டி எலியைக் குறைத்தாலே பெரிய உதவி.

பெண் பிள்ளையின் அப்பா, பீடோர் புதுக்கிராமத்துப் பக்கம்

எங்களுக்கு நடந்தது வேறு. டுரியான் தோட்டத்துக்குப் போய் வந்த பிறகு மகள் காது வலி என்றாள், உள்ளே ஏதோ பிராண்டுகிறது என்றாள். வீட்டில் ஆளுக்கொரு யோசனை: காய்ச்சிய எண்ணெய், மண்ணெண்ணெய். எதையும் விடவில்லை, ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனோம். காது டாக்டர் மைக்ரோஸ்கோப் வைத்துப் பார்த்தால், செவிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு உண்ணி கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. எடுத்து எனக்குக் காட்டினார், கால்களை ஆட்டிக்கொண்டு உயிரோடு இருந்தது. நம் நாட்டில் பிள்ளைகள் காதில் உண்ணி ஏறுவது அடிக்கடி நடப்பதுதானாம், சிலருக்கு முகம் ஒரு பக்கம் கோணிக்கொள்ளவும் செய்யுமாம். காய்ச்சலோ தடிப்போ வருகிறதா என்று சில வாரம் பார்க்கச் சொன்னார். நல்லவேளை வரவில்லை.

தோலில் கடித்திருந்தால் நெருப்பு, சுண்ணாம்பு, எண்ணெய் எதுவும் வைக்காதீர்கள் என்றார். கூர்மையான டுவீசரால் தோலை ஒட்டினாற்போல் தலையைப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். வயிற்றை நசுக்கக் கூடாது. எடுத்த தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டர் அதைத்தான் முதலில் கேட்பார்.

மிஸ்ஸி வேலை பார்க்கும் ஒரு அக்கா

நான் மிஸ்ஸி, அதாவது நர்ஸ். ரத்த ரிசல்ட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பல இடத்தில் எடுப்பது வெய்ல்-பெலிக்ஸ் என்ற பழைய டெஸ்ட். அதில் ஓஎக்ஸ்-கே ஏறினால் ஸ்க்ரப் டைபஸ் பக்கம், ஓஎக்ஸ்-2, ஓஎக்ஸ்-19 ஏறினால் மற்ற டைபஸ் பக்கம். ஆனால் முதல் வாரத்தில் உடம்பில் எதிர்ப்பொருள் போதுமான அளவு உண்டாகியிருக்காது, பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். ரெண்டு மூணு வாரம் கழித்து இன்னொரு தடவை ரத்தம் எடுத்து, நாலு மடங்கு ஏறியிருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். அதைவிட நம்பகமானது இம்யூனோபுளோரசன்ஸ் டெஸ்ட். எது எடுத்தாலும் பேப்பருக்காக மருந்தை நிறுத்தி வைக்கக் கூடாது. தாமதித்தால் நுரையீரலுக்கும் மூளைக்கும் போய்விடலாம்.

இன்னொன்று. டாக்சிசைக்கிளின் என்றதும் "பல் கறுத்துப் போகும்" என்று வார்டில் சண்டைக்கு வரும் பெற்றோரைப் பார்க்கிறேன். அந்தப் பயம் பழைய டெட்ராசைக்கிளினால் வந்தது. டாக்சிசைக்கிளினைக் குறைந்த நாட்களுக்குக் கொடுத்தால் அப்படிக் கறை விழுவதில்லை என்று ஆய்வில் பார்த்த பிறகு, அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கமே 2018இல் எந்த வயதுக் குழந்தைக்கும் 21 நாள் வரை கொடுக்கலாம் என்று மாற்றிக்கொண்டது. அசித்ரோமைசினும் கொடுப்பதுண்டு. எது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும், ஆனால் பல்லை நினைத்து மருந்தை மறுத்துவிடாதீர்கள்.

பதினோரு வயது மகளின் அம்மா, தாப்பா சாலை

எல்லாருடையதையும் படித்துக்கொண்டே இருந்தேன், எழுதலாமா வேண்டாமா என்று. என் மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது, மூட்டு வலி விடவில்லை. மாதக்கணக்காகிறது. காலையில் எழுந்தால் முழங்கால் மடங்காது, பிடித்துப் பிடித்து நடப்பாள். மத்தியானம் ஆனால் சரியாகிவிடும், அதனால் பள்ளிக்கூடம் போகப் பிடிக்காமல் நடிக்கிறாள் என்று ஒரு இடத்தில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கும் முன்பு ஒரு தடவை உண்ணி கடித்திருக்கிறது. இன்டர்நெட்டில் பார்த்தால் உண்ணி கடித்து வரும் லைம் நோய் என்று வருகிறது. வெளிநாட்டு லேபுக்கு ரத்தம் அனுப்பக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன். சரியா?

பையனின் அம்மா, பீடோர்

அக்கா, நடிக்கிறாள் என்று சொன்னதைப் படித்ததும் எனக்கு உடம்பு பதறியது. நானும் அந்த ராத்திரிகளில் லைம் பற்றித்தான் தேடித் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற ஊர். அங்கே பாலி மர்ரே என்ற ஒரு அம்மா, தனக்கும் பிள்ளைகளுக்கும் வந்த மூட்டு வீக்கத்தையும் தடிப்பையும் வருஷக்கணக்காகக் குறித்து வைத்தார். மனப்பிரமை என்றுகூட அவரிடம் சொன்னார்கள். அவர் விடவில்லை. அவரும் இன்னொரு தாயும் 1975இல் சுகாதாரத் துறையைக் கூப்பிட்டுச் சொன்ன பிறகுதான் ஆராய்ச்சியே தொடங்கியது. கிருமியைக் கண்டுபிடித்து 1982இல் வெளியிட்டார்கள். ஒரு தாய் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்ததிலிருந்து ஒரு நோய்க்கே பெயர் வந்திருக்கிறது. நீங்களும் எழுதி வையுங்கள் அக்கா: எந்த மூட்டு, எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம். வீங்கினால் கைபேசியில் படம் எடுங்கள்.

லேபுக்கு அனுப்புவது பற்றி மிஸ்ஸி அக்கா சொல்லட்டும்.

மிஸ்ஸி வேலை பார்க்கும் ஒரு அக்கா

அனுப்ப வேண்டாம், அந்தக் காசை வைத்திருங்கள். லைம் அதிகமாக வருவது அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஐரோப்பாவிலும். அங்கே அதைப் பரப்பும் உண்ணி வகைகள் இங்கே இல்லை. நம் காட்டு உண்ணியிலும் அதே குடும்பத்துக் கிருமியை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள், ஆனால் இங்கே ஒரு பிள்ளைக்கு நாள்பட்ட மூட்டு வலி என்றால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. காலையில் இறுக்கம், நடமாடினால் தளர்வு, ஆறு வாரத்துக்கு மேல் வீக்கம் என்றால் சிறார் மூட்டழற்சியாக இருக்கலாம். அது உண்ணியால் வருவது இல்லை, மருந்து உண்டு, சீக்கிரம் தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். லூபஸ், ரத்தப் புற்று மாதிரியானவற்றையும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும், அதற்கு ரத்த டெஸ்ட் இங்கேயே எடுக்கலாம்.

நாளைக்கே கவர்மெண்ட் கிளினிக்குப் போய், குழந்தை மருத்துவருக்கு ரெஃபரல் கடிதம் கேளுங்கள். அங்கிருந்து குழந்தை மூட்டு நிபுணருக்கு எழுதுவார்கள். காலையிலேயே போங்கள், முழங்கால் இறுகியிருக்கும்போது டாக்டர் கண்ணால் பார்க்கட்டும். உண்ணி கடித்ததையும் சொல்லுங்கள், மறைக்க வேண்டாம். கண் பரிசோதனைக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். மூட்டழற்சி என்றால் கண்ணுக்குள்ளும் அழற்சி வரலாம், சிவப்பும் வலியும் இல்லாமலே பார்வையைக் கெடுக்கலாம், கண் டாக்டர் கருவி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

துணைக்கு ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், வியாழக்கிழமை எனக்கு ஓய்வு நாள். நான் கூட வருகிறேன்.