ஆல்ப்ஸ் மலைக் கிராமத்துக்கு அப்பா அம்மாவோட போக எந்த மாசம் சரி?

கோட்டூர்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். "வருஷம் பூரா விடுமுறை"ன்னு விளம்பரம் போடுற சுவிட்சர்லாந்து மலைக் கிராமம் ஏதாவது ஒண்ணுல வாடகை வீடு எடுத்து ஒரு வாரம் தங்கலாம்னு இருக்கேன். தினம் ஒரு ஊர் சுத்திக் காட்டுற டூர் பேக்கேஜ் வேண்டாம். சம்பா அறுத்து, உளுந்தும் பயிறும் வீடு வந்த பிறகுதான் அப்பா ஊரை விட்டு அசைவார். அதாவது சித்திரைக் கடைசி. அந்த நேரம் தோதுப்படுமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஆனா பனியைத் தொட்டுப் பாக்கணுமாம்.

டிகிரி காபி:
உளுந்து வித்த காசு அங்க ஒரு வேளை சாப்பாட்டுக்குத் தாங்குமா ப்ரோ? பேசாம கொடைக்கானல் போங்க.

மதகடி:
தம்பி, நான் திருவையாறு பக்கம். பாசன ஆய்வாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். பொண்ணு சியோன் நகரத்துல இருக்கா. அதுக்கு மேல, பஸ்ல ஏறிப் போற தூரத்துல, 1,500 மீட்டர் உயரத்துல ஆன்செர்னு ஒரு கிராமம். எல்லாப் பருவத்துலயும் அங்க போயிருக்கேன்.

சித்திரைக் கடைசியும் வைகாசியும் வேண்டவே வேண்டாம். கீழ பனி உருகிச் சேறா கிடக்கும், மேல நடைபாதை திறந்திருக்காது. தொங்கு வண்டியை நிறுத்திப் பராமரிப்பு வேலை பாப்பாங்க. ஓட்டல்காரங்க அவங்க லீவுக்குக் கிளம்பிடுவாங்க. ஐப்பசி, கார்த்திகையிலும் இதே கதைதான். விளம்பரத்துல சொல்ற "வருஷம் பூரா"வுல இந்த ரெண்டு இடைவெளியும் சேராது.

மாசியில பனிச்சறுக்குக் கூட்டம், ஐரோப்பியப் பள்ளிக்கூட லீவு வேற. வாடகை கேட்டா மயக்கம் வரும். சறுக்காத நமக்கு அந்தக் காசு தண்டம். பங்குனி முதல் வாரம் தேவலை, பகல் நீண்டு வெயிலும் அடிக்கும்.

ஆனா விவசாயியைக் கூட்டிட்டுப் போறீங்கன்னா ஆனி, ஆடிதான். அந்த வாலே மாநிலத்துல ரெண்டு பக்கமும் மலை மேகத்தை மறிச்சிடுது. சியோன்ல வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் மழைதான், நம்ம தஞ்சாவூரை விடக் கம்மி. அதனால உருகுற பனித்தண்ணியை மலையைச் சுத்தி வாய்க்கால் வெட்டி மேய்ச்சல் புல்லுக்குக் கொண்டு வந்திருக்கான். பிஸ்ஸுன்னு பேரு. ஆன்செர் பக்கத்துல ஓடுற ஆயென் வாய்க்கால் 15ஆம் நூற்றாண்டுல வெட்டினது. செங்குத்துப் பாறையில கட்டை அடிச்சு, மரத்தொட்டியைத் தொங்க விட்டுத் தண்ணி கடத்தின இடத்தைப் பாத்தா அடிவயிறு கலங்குது. அவங்க 100 ஃபிராங்க் நோட்டுல அதைத்தான் அச்சடிச்சிருக்காங்க.

முறைப்பாசனமும் உண்டு. யாருக்கு எத்தனை மணி நேரம் தண்ணின்னு அந்தக் காலத்துல மரக்கட்டையில கீறி வச்சிருந்தாங்களாம். ஒருத்தர் பாய்ச்சுறதை நின்னு பாத்தேன். தகட்டை வாய்க்காலுக்குக் குறுக்கே செருகினார். தண்ணி எதிர்த்து ஏறி, கரை வழிஞ்சு, புல்லுக்குள்ள சலசலன்னு இறங்குச்சு. கொஞ்ச நேரத்துல தகட்டைப் பிடுங்கிப் பத்தடி தள்ளிச் செருகினார். நம்ம ஊர்ல மண்வெட்டியால மடை மாத்துற அதே வேலை, ஆனா கால்ல சேறு ஒட்டலை! சில வாய்க்கால்ல தண்ணியே சக்கரத்தைச் சுத்தி மரச்சுத்தியலை டொக் டொக்னு அடிக்க வைக்கும். சத்தம் நின்னா எங்கேயோ அடைப்புன்னு காவல்காரன் ஓடுவான். என் சர்வீஸ்ல ராத்திரியில டார்ச் அடிச்சுக்கிட்டு வாய்க்கால் கரையில அலைஞ்ச எனக்கு இதைப் பாத்ததும் வயித்தெரிச்சலா இருந்துச்சு.

கறுத்த எரென்ஸ் மாடுகள் மேய்ச்சலுக்கு மேல ஏறுறதும் ஜூன்லதான். எது மந்தைக்குத் தலைவின்னு பசுக்களே முட்டித் தீர்த்துக்கும்.

நீங்க குறுவை போடுறவங்களா? அப்படின்னா மேட்டூர் திறந்த நேரத்துல அப்பா வரமாட்டார்.

கோட்டூர்க்காரன்:
ஐயா, நாங்க கடைமடை. குறுவையே கிடையாது, ஆவணியில நேரடி விதைப்பு சம்பா மட்டும்தான். அப்ப ஆனிக் கடைசி சரியா வரும். அம்மா கேட்ட பனி?

மதகடி:
கிராமத்துல இருக்காது. விஸ்ப் வழியா ரயில்ல ஸெர்மாட் போங்க. அங்கேருந்து கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், 1898லேருந்து ஓடுது. உக்காந்தபடியே 3,089 மீட்டர். மாட்டர்ஹார்ன் நேர் எதிர்ல நிக்கும். பனியைத் தொடணும்னா ஸெர்மாட்லேருந்து தனியா போற கேபிள் கார்ல 3,883 மீட்டர் வரை ஏறணும், அங்க கோடையிலயும் பனிச்சறுக்கு நடக்குது. பிரஷர், இதயக் கோளாறு இருந்தா முன்கூட்டியே டாக்டர்கிட்ட கேட்டுக்குங்க.

மாயவரத்து மருமகள்:
விசாவுக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம், கோடைக்குப் போறவங்க தள்ளிப் போடாதீங்க. 30,000 யூரோவுக்குக் குறையாம மருத்துவக் காப்பீடு கட்டாயம். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துக்கலாம். நெய் கூடாது, இந்தியாவுலேருந்து பால் பொருள் கொண்டு போகத் தடை. கிராமம் இருக்குற 1,500 மீட்டர் உயரத்துல தண்ணி 95 டிகிரியிலயே கொதிச்சிடும், பொன்னி அரிசி திறந்த பாத்திரத்துல லேசுல வேகாது. சின்ன குக்கர் ஒண்ணு செக்-இன் பையில வச்சிடுங்க, அண்ணா. அடி தட்டையா இருக்கணும், பெரும்பாலும் மின் அடுப்புதான்.